உங்களுக்குத் தெரியுமா? டர்போவுக்கு முன்னால் ஒரு குழாய்

சாதாரண பெட்ரோல் காருக்கு டர்போ மாட்ட நினைப்பவர்கள், எந்த டர்போ என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இன்ஜின் விடும் புகையை டர்போவில் கொண்டுபோய்ச் சேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மட்டும் படத்தில் பளபளவென்று தெரிந்தால் போதும் என்று வாங்கிவிடுவார்கள். தினமும் ஆபீஸுக்கும் கடைக்கும் போய்வரும் காரில் முதலில் தகராறு செய்வது பெரும்பாலும் அந்தக் குழாய்தான்.

●

சூடேறும் இரும்பு எந்த வெப்பத்தில் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியத் தொடங்கும்? சுமார் 525 டிகிரி செல்சியஸில். இரும்பு என்றில்லை, ஏறக்குறைய எல்லாத் திடப்பொருளுக்கும் இதே கணக்குதான் என்று 1847-ல் சொன்னவர் ஜான் வில்லியம் டிரேப்பர். பெட்ரோல் டர்போ இன்ஜினை முழு மிதியில் ஓட்டும்போது புகையின் சூடு 900 டிகிரியைத் தாண்டும். டீசலில் நூறு, இருநூறு டிகிரி குறைவு. அதனால் டீசல் வண்டியில் கழற்றிய மேனிஃபோல்டு பெட்ரோலுக்கும் தாங்கும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசித்துப் பணம் கொடுங்கள்.

●

சந்தையில் கிடைப்பவை மூன்று வகை. உருக்கி ஊற்றிய வார்ப்பிரும்பு. கனமான குழாயையும் எல்போவையும் வெட்டி ஒட்டியது. மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாயை நீளமாக வளைத்துப் பின்னியது. படத்தில் அள்ளுவது மூன்றாவது. கார் கம்பெனிகள் பல ஆண்டுகளாக அதிகம் பயன்படுத்தி வந்தது முதல் வகை. செலவு குறைவு என்பது ஒரு காரணம். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாங்கவேண்டும் என்பது இன்னொரு காரணம்.

●

30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்டெயின்லெஸ் குழாயில் 800 டிகிரி சூடு ஏறினால், அது 4 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதே நீள வார்ப்பிரும்பு 3 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும். ஒரு மில்லிமீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் குழாயின் ஒரு முனை சிலிண்டர் ஹெட்டில் இறுகியிருக்கிறது, மறுமுனையில் பல கிலோ எடையுள்ள டர்போ தொங்குகிறது. நீளுவதற்கு இடமில்லாத குழாய் வெல்டிங் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாய்விடும்.

பந்தயக் கார் ஒருமுறை சூடேறினால் பந்தயம் முடியும்வரை சூடாகவே இருக்கும். தெருவில் ஓடும் கார் காலையில் சூடாகி, நிறுத்துமிடத்தில் ஆறி, மதியம் மீண்டும் சூடாகி, சாயங்காலம் மழைத் தண்ணீரில் சுரீரென்று குளிரும். உலோகத்தைக் களைப்பாக்குவது சூடு மட்டுமில்லை, சூடும் குளிரும் மாறிமாறி வருவதுதான். பந்தயத்தில் ஜெயித்த டிசைன் என்ற விளம்பரத்தைத் தெருக்காருக்குச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாதது இதனால்தான். டர்போவைத் தனி பிராக்கெட் போட்டு இன்ஜின் பிளாக்கில் தாங்கிக்கொடுத்தால் நீளக் குழாயும் பிழைக்கும். பிராக்கெட் இல்லாமல் விற்கும் நீளக் குழாய் செட்டை நான் வாங்கமாட்டேன்.

●

மேனிஃபோல்டு இறுகும் அலுமினிய ஹெட்டின் உள்ளே தண்ணீர் ஓடுவதால் அது 100 டிகிரி வாக்கிலேயே இருக்கும். அதை ஒட்டி இறுகும் மேனிஃபோல்டின் தகடான ஸ்டீல் ஃபிளேஞ்சோ அதைப்போல் சில மடங்கு சூட்டில் கிடக்கும். நாற்பது சென்டிமீட்டர் நீள ஃபிளேஞ்ச் என்றால் இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இழுபறி. விவரம் தெரிந்தவர்கள் ஃபிளேஞ்சில் ஒரு போர்ட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெட்டு விட்டிருப்பார்கள். ஓரத்து போல்ட் துளைகளைச் சற்றுப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். வாங்கும்போது பார்க்கவேண்டிய இடம் இது. கூடவே ஒரு மட்டக்கோலை ஃபிளேஞ்ச் மேல் வைத்து, ஃபீலர் கேஜ் எங்காவது நுழைகிறதா என்றும் பாருங்கள். புதிதாக இருக்கும்போதே வளைந்திருந்தால் கேஸ்கட் எத்தனை மாற்றினாலும் ஊதும்.

●

304 என்று முத்திரை குத்திய ஸ்டெயின்லெஸ் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 425-லிருந்து 850 டிகிரி வரையிலான சூட்டில் நெடுநேரம் இருந்தால் அதிலுள்ள குரோமியம் கார்பனோடு சேர்ந்து பிரிந்துபோய், துருவைத் தடுக்கும் குணம் பலவீனமாகும். மேனிஃபோல்டு வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிப்பதே அந்தச் சூட்டில்தான். 321 ரகத்தில் டைட்டானியம் சேர்ந்திருப்பதால் கார்பனை அது பிடித்துக்கொள்ளும். விலை கூடத்தான்.

●

குழாயில் செய்ததுதான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நடுவழி: ஆலைகளில் நீராவிக்கும் ரசாயனத்துக்கும் போடுகிற ஷெட்யூல் குழாய். ஒன்றேகால் இஞ்ச் ஷெட்யூல் 40 என்றால் வெளி விட்டம் 42 மில்லிமீட்டர், சுவர் மூன்றரை மில்லிமீட்டர். ஷெட்யூல் 10 என்றால் சுவர் 2.8. படத்தில் அள்ளும் மெல்லிய குழாய்க்குச் சுவர் ஒன்றரையைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கனமான எல்போக்களை நெருக்கமாக வைத்து ஆர்கான் வெல்டிங் செய்த மேனிஃபோல்டு பார்க்க முரடாக இருக்கும், தூக்கினால் கை வலிக்கும். அது பல வருஷம் ஓடும்.

●

இப்போது எல்லோரும் சண்டை போடும் விஷயம்: ஒரே தண்டில் நான்கு சிலிண்டர் புகையும் கொட்டும் குட்டையான 'லாக்' வகையா, ஒவ்வொன்றுக்கும் சம நீளத்தில் தனிக்குழாயா?

நான்கு சிலிண்டர் இன்ஜின் பெரும்பாலும் 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கும். கிராங்க் பாதிச் சுற்று சுற்றும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் புகையை விடும். ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருப்பது பாதிச் சுற்றைவிட அதிக நேரம். விளைவு: முதல் சிலிண்டர் புகையை வெளியேற்றி முடித்து, புதுக்காற்றை உள்ளே இழுக்கத் தொடங்கும் கணத்தில், மூன்றாவது சிலிண்டர் தன் வால்வைத் திறந்து முழு வேகத்தில் ஊதும். இரண்டும் ஒரே தண்டில் இருந்தால் அந்த அழுத்தம் முதல் சிலிண்டருக்குள் திரும்பி நுழைந்து, பழைய புகையை அங்கேயே தங்கவைக்கும். உள்ளே சூடு கூடும், எரிபொருள் தாறுமாறாக வெடிக்கும் 'நாக்கிங்' பயமும் கூடும்.

இதைக் கேட்டதும் லாக் வகை வேண்டாம் என்று தோன்றும். ஆனால் உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கம்பெனி கேம்ஷாஃப்டில் மிகக் குறைவு. அந்தக் குறுகிய இடைவெளியில் திரும்பி நுழையும் புகையும் குறைவு. மறுபக்கம், குட்டைக் குழாயில் புகை சூடு ஆறாமல், வேகம் குறையாமல் டர்போவை அடைகிறது; டர்போவைச் சுழற்றுவது அந்தச் சூடும் அழுத்தமும்தான். சிக்னலிலிருந்து கிளம்பும் கார் 2,500 ஆர்பிஎம்மில் இழுக்கவேண்டுமா, 7,000-ல் இழுக்கவேண்டுமா? கேம்ஷாஃப்டை மாற்றாத தெருக்காருக்கு என் ஓட்டு குட்டையான வார்ப்புக்கே.

●

இரண்டின் நன்மையும் வேண்டும் என்றால் 'ட்வின் ஸ்க்ரோல்'. 1-ஐயும் 4-ஐயும் ஒரு தடத்தில், 2-ஐயும் 3-ஐயும் மறு தடத்தில் டர்போவின் வாய்வரை தனித்தனியாகக் கொண்டுபோவது. ஒரே தடத்தில் இருப்பவை முழுச்சுற்று இடைவெளியில் வெடிப்பதால் ஒன்றின் மேல் ஒன்று ஊதாது. மிட்சுபிஷி லான்சர் எவோவில் கம்பெனியே வார்ப்பிரும்பில் இப்படிப் போட்டது.

புதுக் கண்டுபிடிப்பு என்று எண்ணவேண்டாம். 1905-ல் டர்போவுக்குக் காப்புரிமை வாங்கிய சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஹி, சிலிண்டர்களைப் பிரித்துத் தனித்தனிக் குழாயில் டர்பைனுக்கு அனுப்பும் முறையை 1920-களிலேயே யோசித்துவிட்டார்.

காசைக் கரியாக்கும் தவறு ஒன்று உண்டு. தடங்களை அவ்வளவு கவனமாகப் பிரித்துவிட்டு, உபரிப் புகையைத் திருப்பிவிடும் வால்வான வேஸ்ட்கேட்டுக்குப் போகும் கிளையில் இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிடுவது. அங்கேயே இரண்டும் கலந்துவிடும்.

●

சுபாரு இம்ப்ரெஸாவின் அந்த 'தட தட' உறுமலுக்குக் காரணம் இன்ஜின் மட்டுமல்ல. டர்போ வலப்பக்கம் இருப்பதால் இடப்பக்கப் புகை இன்ஜினின் அடியில் நீண்டு சுற்றி வரவேண்டும். நீளம் சமமில்லாததுதான் அந்தத் தாளம். சம நீளக் குழாய் மாட்டினால் உறுமல் போய்விடும். ஆசைப்பட்டு மாற்றிவிட்டுப் பழையதையே திரும்ப மாட்டியவர்கள் உண்டு.

●

1977-ல் அறிமுகமான சாப் 99 டர்போ 145 குதிரைத்திறன் கொடுத்தது. அதன் சாமர்த்தியம், சிறிய டர்போவைப் போட்டுக் குறைந்த வேகத்திலேயே இழுக்கவிட்டு, அழுத்தம் மிஞ்சும்போது உபரிப் புகையை வேஸ்ட்கேட் வழியே திருப்பியதில் இருந்தது.

அந்த வேஸ்ட்கேட் மேனிஃபோல்டில் எங்கே கிளை பிரிகிறது என்று பாருங்கள். எல்லாக் குழாயும் சேர்ந்த பிறகு, புகை போகிற திசையிலேயே சாய்வாகப் பிரிந்தால் நல்லது. ஒரே ஒரு சிலிண்டரின் குழாயில் செங்குத்தாகக் குத்திவைத்திருந்தால், வால்வு முழுதாகத் திறந்தும் புகை அந்தப் பக்கம் திரும்பாது. 0.7 பாரில் நிற்கவேண்டிய அழுத்தம் ஆர்பிஎம் ஏற ஏறத் தானும் ஏறிக்கொண்டே போகும். பிஸ்டன் உருகுவது இப்படித்தான்.

●

வெளியே வரிவரியாக அழகாக இருக்கும் ஆர்கான் வெல்டிங்கை நம்பி ஏமாறவேண்டாம். குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயுவை நிரப்பித்தான் ஸ்டெயின்லெஸ்ஸை ஒட்டவேண்டும். இல்லையென்றால் உட்பக்கம் கற்கண்டு உடைத்துப் போட்ட மாதிரி சொரசொரப்பாக இருக்கும். அதிலிருந்து ஒரு துணுக்கு பெயர்ந்தாலும், நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்பைன் இறக்கைக்குச் சேதம்தான். டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

●

நம் ஊரில் ஸ்டீயரிங் வலப்பக்கம். பிஎம்டபிள்யூவின் பழைய ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் எக்ஸாஸ்ட்டும் வலப்பக்கம். அமெரிக்காவில் வடிவமைத்த மேனிஃபோல்டு அங்கே கச்சிதமாக உட்காரும். இங்கே ஸ்டீயரிங் தண்டில் போய் இடிக்கும். சென்னையானாலும் கொழும்பானாலும் கோலாலம்பூரானாலும், அளவு எடுக்காமல் ஆர்டர் போடவேண்டாம்.

●

சூடு வெளியே வராமல் இருக்க நாடா சுற்றுகிறார்கள். பானெட்டுக்குள் சூடு குறையும், உண்மைதான். வெளியேற முடியாத சூட்டை உலோகமே சுமக்கும் என்பதும் உண்மை. மெல்லிய குழாய் சீக்கிரம் வெடிக்கும், விற்றவர் வாரண்டியும் கிடையாது என்பார். செராமிக் பூச்சும் தகட்டு மறைப்பும் மேல்.

●

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்டு, பத்து நிமிஷத்தில் நின்றுவிடும் சத்தத்தை வால்வு சத்தம் என்று விட்டுவிடுவார்கள். வெடிப்போ தளர்ந்த ஸ்டட்டோ இருந்தாலும் அப்படித்தான் கேட்கும். சூடேறி உலோகம் விரிந்ததும் இடுக்கு மூடிக்கொள்ளும். சூட்டில் சாதாரண ஸ்டட் நீண்டு நட்டு தளரும் என்பதால், டர்போ இறுகும் இடத்தில் இன்கோனல் ஸ்டட் போடுகிறார்கள். மாட்டிய சில நாளில் ஆறிய இன்ஜினில் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது பட்டறை வழக்கம்.

●

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கம்பெனி வடிவமைப்பை இஷ்டத்துக்கு மாற்றத் தடை போடுகிறது. பிரிவு 182ஏ-ன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மேனிஃபோல்டு விலையோடு இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

●

மேனிஃபோல்டே தனியாக இல்லாத டர்போ கார்களும் நம் சாலையில் ஓடுகின்றன. சென்னைக்கு அருகே மறைமலை நகரில் தயாராகி 2013-ல் வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினில் அது சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் போலோவின் ஒரு லிட்டர் டிஎஸ்ஐ-யிலும் அப்படித்தான். ஹெட்டுக்குள் ஓடும் தண்ணீர் புகையின் சூட்டைத் தணிக்கும். குளிர்ந்த இன்ஜினும் சீக்கிரம் சூடேறும். டர்போ நேராக ஹெட்டிலேயே இறுகுவதால், இந்தக் கார்க்காரர்களுக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை.