மூச்சுக்கு வாத்தியார்கள்

ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பிள்ளை பிழைத்துக் கொண்டால், "டாக்டர் ராசியான கைக்காரர்" என்று நாலு பேரிடம் சொல்கிறோம். அந்தக் கைக்கு ராசி எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவர் ஒரு நாள் அந்தக் கையைப் பிடித்து, "அப்படி இல்லை, இப்படி" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவர் யாரென்று நாம் கேட்பதே இல்லை.

என் அக்கா மகள் உமா அப்படிச் சொல்லிக் கொடுக்கிறவள். அமெரிக்காவில் ஒரு போதனா ஆஸ்பத்திரியில் நுரையீரல் டாக்டர். அங்கே டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு பொது மருத்துவத்தில் 3 வருஷம் பயிற்சி. அதற்கு மேல் நுரையீரலும் தீவிர சிகிச்சையும் சேர்த்து இன்னும் 3 வருஷம். தூக்க மருத்துவமும் வேண்டுமானால் மேலே ஒரு வருஷம்.

"தூக்கத்துக்கும் நுரையீரலுக்கும் என்னடி சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"மூச்சுதான் சித்தி. சிலருக்குத் தூங்கறப்போ தொண்டை அடைச்சு, மூச்சு நின்னு நின்னு வரும். பக்கத்திலே இருக்கிறவங்க குறட்டைன்னு நினைச்சுடுவாங்க" என்றாள்.

குழந்தைகளுக்கும் இது வருமாம். பிள்ளை தினமும் குறட்டை விட்டு, வாயைத் திறந்தபடியே தூங்கினால், 'விளையாடிய அசதி' என்று விட்டுவிடாதீர்கள். மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ டான்சிலோ வீங்கியிருக்கலாம். டாக்டரிடம் காட்டி விடுங்கள்.

போன வருஷம் உமாவுக்கு ஒரு விருது கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்களே ஆன மருத்துவ ஆசிரியர்களுக்கென்று கொடுப்பது. அக்கா போனிலேயே குதித்தாள். "என்ன மருந்துடி கண்டுபிடிச்சே?"

"மருந்தெல்லாம் இல்லேம்மா. பாடம் சொல்லிக் கொடுத்தேன்."

அக்காவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "சொல்லிக் கொடுக்கிறதுக்கு ஒரு பரிசா?" என்று என்னிடம் வந்து குறைப்பட்டுக் கொண்டாள். எனக்கென்னவோ அந்தப் பரிசுதான் பெரிசாகப் பட்டது.

ஏன் என்று கேளுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் பதவி உயர்வு வேண்டுமானால் ஆராய்ச்சிக் கட்டுரை எத்தனை, கொண்டு வந்த ஆராய்ச்சிப் பணம் எவ்வளவு, பார்த்த நோயாளிகள் எத்தனை பேர் என்று கணக்குப் பார்ப்பார்கள். ராத்திரி 2 மணிக்குக் கட்டில் பக்கத்தில் நின்று, கை நடுங்கும் ஒரு புது டாக்டருக்கு வென்டிலேட்டரின் திரையைக் காட்டி, "இந்தக் கோடு ஏன் இப்படி வளையுது, சொல்லு?" என்று பொறுமையாகக் கேட்டதை எந்தக் கணக்கில் எழுதுவது? நாம் வீட்டில் செய்கிற வேலை மாதிரிதான். நடக்கிற வரையில் கண்ணில் படாது. பெரிய புரொபஸர்கள் பகலில் மேடையேறிப் பேசுவார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் உமா வயசு ஆட்கள்தான். யாரும் கண்டுகொள்ளாவிட்டால், "நமக்கேன் வம்பு" என்று அவர்களும் கட்டுரை எழுதப் போய் விடுவார்கள்.

அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் 1905ல் காசநோய் சானடோரியம் டாக்டர்களின் சங்கமாகத் தொடங்கியது. அது 2020ல் இந்தத் துறையில் கற்பிக்கும் கலைக்கென்றே 'ஏ.டி.எஸ். ஸ்காலர்' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தது. சொல்லிக் கொடுப்பதும் ஒரு படிப்புதான் என்று அவர்களுக்கே அவ்வளவு காலம் கழித்துத்தான் தோன்றியிருக்கிறது பாருங்கள்!

தீவிர சிகிச்சை என்ற துறை பிறந்த கதையைக் கேட்டால் மெய் சிலிர்க்கும். 1952ல் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாக வந்தது. மூச்சு விடும் தசைகளும் செயலிழந்து, குழந்தைகள் வரிசையாக வந்து சேர்ந்தார்கள். செயற்கை சுவாச இயந்திரங்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. பியோன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர், 12 வயதுப் பெண் ஒருத்திக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கச் செய்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றை உள்ளே செலுத்தினார். பெண் பிழைத்தாள். சரி, மற்ற குழந்தைகளுக்குப் பையை அமுக்க ஆள்? மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, இரவு பகலாக உட்கார்ந்து கையாலேயே மூச்சுக் கொடுத்தார்கள். எந்த வேகத்தில், எவ்வளவு அழுத்தம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக் கொடுக்காமல் இருந்திருந்தால்?

உமா லீவில் வந்தபோது ஒரு காட்சி. என் மாமியாருக்கு ரொம்ப நாளாக ஆஸ்துமா. இன்ஹேலர் வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் இழுப்பு நின்றபாடில்லை. "மருந்து சுகமில்லை" என்பார்.

"பாட்டி, எப்படி எடுத்துக்கறீங்கன்னு எனக்குக் காட்டுங்க."

மாமியார் சென்ட் அடிக்கிற மாதிரி வாயில் புஸ்ஸென்று அடித்துக்கொண்டு, உடனே, "அவ்வளவுதான்" என்றார். மருந்து முழுக்க நாக்கில்! வாங்கின இடத்தில் யாரும் செய்து காட்டவில்லை.

உமா முதலில் வாய் பேசாமல் தானே செய்து காட்டினாள். அடுத்து விளக்கம் சொல்லிக்கொண்டே செய்தாள். பிறகு பாட்டியை வாயால் சொல்லச் சொல்லி, அதன்படி தான் செய்தாள். கடைசியில்தான் பாட்டி கையில் கொடுத்தாள். இன்ஹேலரைக் குலுக்கு, மூச்சை முழுக்க வெளியே விடு, உதட்டை இறுக்கி மூடு, மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்து, 10 எண்ணும் வரை மூச்சைப் பிடி. ஸ்டீராய்டு மருந்தானால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு முகமூடியுடன் கூடிய ஸ்பேஸர் குழாய் வைத்துக் கொடுப்பதுதான் சரி. இந்த நாலு படி முறையில்தான் புது டாக்டர்களுக்கும் குழாய் போடக் கற்றுத் தருகிறாளாம், முதலில் பொம்மை உடம்பில்.

"மூணாவது படிதான் சித்தி முக்கியம். வாயாலே சொல்லத் தெரியாதவங்க கையிலே கருவியைக் கொடுக்கக் கூடாது."

பரிசுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது மாணவர்களின் அபிப்பிராயத்துக்கு நல்ல மதிப்பு உண்டாம். எனக்கு இதில் ஒரு சின்ன மனத்தாங்கல். மாணவர்களுக்குச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற வாத்தியாரைத்தானே பிடிக்கும்? வார்டில் இருக்கிற நர்ஸைக் கேட்டால் தெரியும், யார் சொல்லிக் கொடுத்த பையன் ராத்திரி பதறாமல் வேலை செய்கிறான் என்று. உமாவிடம் சொன்னேன். "நீங்க கமிட்டியிலே இருக்கணும் சித்தி" என்று சிரித்தாள்.

அமெரிக்காவில் ஜூலை மாதம்தான் புது டாக்டர்கள் பயிற்சிக்கு வந்து சேருவார்களாம். விருதுப் பலகையை அக்கா வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, அதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று ஜூன் கடைசியிலேயே விமானம் ஏறி விட்டாள்.