குதிரையின் பல்லும் கடிவாளமும்

ஈரோடு ஜில்லா அந்தியூரில், குருநாதசுவாமி கோவில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்கு மாடுகளோடு குதிரைகளும் வருகின்றன. குதிரை வாங்குவோர் முதலிற் செய்வது உதட்டைப் பிரித்துப் பல்லைப் பார்ப்பதேயாகும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர். பணங் கொடுத்து வாங்கும் பிராணிக்கு அவ்விதி பொருந்தாதாகையால் பார்ப்பது நியாயமே. ஆனால் அவர்கள் பார்ப்பது முன்வாயிலுள்ள வெட்டுப் பற்களை மாத்திரம். அவற்றால் வயது தெரியும். கடிவாளத்தைக் குதிரை அமைதியாக ஏற்பதற்குத் தடையாயிருக்கக்கூடிய பற்களோ கன்னத்துக்குள் மறைந்திருக்கின்றன. அவற்றைப் பார்ப்பவர் மிகச் சிலரே.

வளர்ந்த ஆண் குதிரைக்குச் சாதாரணமாக 40 பற்கள் உண்டு. பெண் குதிரைக்குக் கோரைப் பற்கள் பெரும்பாலும் முளைப்பதில்லையாதலால் 36 இருக்கும். வெட்டுப் பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே ஈறு சிறிது தூரம் வெறுமையாக இருக்கின்றது. கடிவாளத்தின் இரும்பு தங்குமிடம் இதுவே. அங்கே மெல்லிய தோலுக்கு அடியில் உடனே எலும்பு.

நமது பற்களைப் போலன்றிக் குதிரையின் பற்கள் தேயத் தேய ஈறிலிருந்து வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். வருஷத்திற்கு ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீட்டர் என்பது கணக்கு. மேல் தாடை அகலமாகவும் கீழ்த் தாடை ஒடுக்கமாகவும் அமைந்திருப்பதால், மேற் பற்களின் வெளி ஓரமும் கீழ்ப் பற்களின் உள் ஓரமும் சரிவரத் தேயாமல் கூர்மையடைகின்றன. முன்னது கன்னத்தைக் கிழிக்கும். பின்னது நாக்கைக் கிழிக்கும். நாள் முழுவதும் புல் மேயும் குதிரை தாடையைப் பக்கவாட்டில் அகல அசைத்து அரைப்பதால் இவ்வோரங்கள் ஒருவாறு தேய்ந்துபோம். லாயத்தில் நின்று தவிடும் கொள்ளும் மிகுதியாகத் தின்னும் குதிரைக்கு அந்த அசைவு குறைவு. நன்றாகப் போஷிக்கிறோம் என்று நாம் எண்ணும் குதிரைக்கே பல்லுபத்திரவம் அதிகப்படுவது இதனாலேதான்.

இனி, லகானை இழுக்கும்போது நிகழ்வதைக் கவனிக்க வேண்டும். வாயோரத்துச் சதை இரும்பினாற் பின்னுக்குத் தள்ளப்பட்டு, முதற் கடைவாய்ப் பல்லின்மேல் நசுங்குகிறது. பல் கூர்மையாயிருந்தால் அங்கே புண் உண்டாகும். ஒவ்வொரு இழுப்பும் அப்புண்ணின் மேலேயே விழும். வலி பொறாத குதிரை வாயைத் திறக்கும், தலையை உதறும், நாக்கை இரும்பின்மேல் தூக்கிப் போட்டுக்கொள்ளும், ஒரு பக்கம் திரும்ப மறுக்கும். வாயைத் திறக்கிறதே என்று மூக்குப் பட்டையை இறுக்குவாருண்டு. அப்போது கன்னம் முழுவதும் கூர் ஓரங்களில் அழுந்துகிறது. நோயை மூடிக் கட்டுவதற்கு இதைவிடச் சிறந்த உபாயம் வேறில்லை!

சில குதிரைகளுக்கு மேல் வரிசை முதற் கடைவாய்ப் பல்லின் முன்னால் நிலக்கடலையளவு சிறு பல்லொன்று முளைப்பதுண்டு. எல்லாவற்றிலும் அது தொந்தரவு செய்வதில்லை. இரும்பு தட்டி வலித்தால் வைத்தியர் பிடுங்கிவிடுவார். இரண்டரை வயது முதல் நாலரை வயது வரை பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். குட்டியைச் சவாரிக்குப் பழக்குவதும் பெரும்பாலும் இக்காலத்திலேயே. அவ்வயதிற் காட்டும் முரட்டுத்தனத்தைக் குணக்கேடு என்று தீர்ப்பது அவசரமாகும்.

அப்படித் தீர்ப்பதன் பலன் அற்பமன்று. “வாய் முரடு” என்று பெயரெடுத்த குதிரைக்கு அடி விழும். பிறகு கடுமையான கடிவாளம். அதற்கும் அடங்காவிடில் பாதி விலைக்கு விற்பனை. நடுவே வலி தாங்காமல் பின்கால்களில் எழும்பி, மேலிருப்பவரைக் கீழே தள்ளினாலும் தள்ளும். முள்ளுக் கடிவாளம் பூட்டுவதோ குற்றமாகும். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965ஆம் வருஷத்தில் ஏற்பட்ட விதிகள் அதனைத் தடை செய்கின்றன.

சோதனைக்கு வாய்க்குள் கையை விடுதல் கூடாது. விரல் போய்விடும். வெளியிலிருந்தே, கண்ணுக்குக் கீழிருந்து வாயோரம் வரையில் கன்னத்தை உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பார்க்கலாம். குதிரை வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டால் சந்தேகத்திற்கு இடமுண்டு. பாதி மென்ற புல்லை உருண்டையாகத் துப்புதல், சாணத்தில் முழுக் கொள்ளும் நீண்ட வைக்கோலும் காணப்படுதல், காரணமின்றி மெலிதல் ஆகியவையும் அடையாளங்கள். ஒரு நாசியில் மாத்திரம் துர்நாற்றமுள்ள சீழ் வடிந்தால், பின்புறத்து மேற்பல்லின் வேர் அழுகியிருக்கக்கூடும். அதைத் தாமதியாது காட்ட வேண்டும். இவையெல்லாம் இல்லாமலே கடிவாளத்திற்கு முரண்டுமாயின், இரும்பின் அளவு, முதுகுவலி, சவாரி செய்பவரின் கை ஆகியவற்றையும் பார்த்தல் தகும்.

சிகிச்சை எளிது. கால்நடை வைத்தியர் மயக்கமருந்து கொடுத்து, வாயைத் திறந்து நிறுத்தும் கருவியைப் பூட்டி, விளக்கொளியில் நோக்கிக் கூர் ஓரங்களை மாத்திரம் அரத்தால் ராவுவார். பல்லின் மேற்பரப்பை வழவழப்பாகத் தேய்த்துவிட்டால் அரைக்கும் சக்தியே கெட்டுவிடுமாகையால், கொல்லன் அரத்தை வாங்கி நாமே ராவ முற்படுதல் பெருந் தீங்காம். புண் ஆறும்வரையில் இரும்பில்லாத தலைக்கயிற்றோடு ஓய்வு கொடுக்க வேண்டும். வளர்ந்த குதிரையை வருஷம் ஒரு முறையும், ஐந்து வயதுக்குட்பட்டதை ஆறு மாதத்திற்கொரு முறையும் காட்டுவது உத்தமம்.

கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் குதிரைப் பல்லுக்கான கருவிகள் எப்போதும் இருக்குமென்று எதிர்பார்த்தலாகாது. ஆதலால் குதிரையுள்ள அங்கத்தினர்கள் சேர்ந்து முன்கூட்டியே விசாரித்து, கருவியுள்ள வைத்தியர் ஒருவரை ஒரு நாள் வரவழைத்து, அன்று எல்லாக் குதிரைகளையும் ஓரிடத்தில் நிழலிற் கட்டி வைத்தால், வழிச்செலவு பங்காகிவிடும். கடிவாளங்களையும் கையோடு கொண்டுவந்தால் அவற்றின் அளவையும் அவரே பார்த்துச் சொல்லுவார்.