தந்தை விலகிக்கொள்ளலாமா?

மணமாகாத ஆண் ஒருவர், தன் விருப்பமின்றிப் பிறக்கும் குழந்தையின் பொறுப்பிலிருந்து விலகலாமா? 2006 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒருவர் இதற்காக வழக்காடினார். பெண்ணுக்குக் கருக்கலைப்பு உரிமை உண்டென்றால், ஆணுக்கும் தாபரிப்புப் பணத்திலிருந்து விலகும் உரிமை வேண்டும் என்றார். மேன்முறையீட்டிலும் தோற்றார்.

அவரது வாதத்தில் நியாயம் இருப்பதாக முதலில் எனக்கும் தோன்றியது. இலங்கையை நினைத்தபோது அது நிற்கவில்லை. இங்கு தாயின் உயிரைக் காப்பாற்றவன்றிக் கருக்கலைப்புச் செய்வது குற்றம். விலகும் வழி பெண்ணுக்கே இல்லை.

ஆணுக்கோ நடைமுறையில் வழி இருக்கிறது. பெற்றோர் மணம் முடிக்காவிட்டால், இருவரும் சேர்ந்து கேட்டு ஒப்பமிட்டால்தான் பிறப்புப் பதிவில் தந்தையின் பெயர் இடம்பெறும். அவர் வராவிட்டால் அந்த இடம் வெறுமை. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் இத்தகைய பிள்ளைக்கும் பணம் கோர இடமளிக்கிறது. ஆனால், தந்தை அவர்தான் என்பதை நீதவான் ஏற்கும்படி வலுவான சான்றுகளுடன் நிரூபிக்க வேண்டும். அந்தச் சுமை பெரும்பாலும் தாயின் தலையில்தான்.

தாபரிப்பு என்பது பிள்ளையின் சோறும் மருந்தும் பள்ளிக்கூடமும். பெற்றோருக்கிடையிலான பிணக்குக்காக அதை நிறுத்த முடியாது. ஆகவே, விலகும் உரிமை வேண்டாம் என்பதே என் பதில். தந்தையை நிரூபிக்கும் வழியைத்தான் இலகுவாக்க வேண்டும்.