கழித்தும் கூட்டியும்

நியாயவிலைக் கடை அரிசியைக் களையும்போது சில மணிகள் மட்டும் நீரில் மிதப்பதைக் கண்டு, இது பிளாஸ்டிக் அரிசியோ என்று அஞ்சியவர்கள் பலர். உண்மையில் அவை, அரிசி மாவில் இரும்புச்சத்தையும் ஃபோலிக் அமிலத்தையும் பி12 ஜீவசத்தையும் பிசைந்து, அரிசி உருவிலேயே பிழிந்தெடுத்து, நூற்றுக்கு ஒரு பங்கு வீதம் கலந்தவை. இதற்குச் செறிவூட்டல் என்று பெயர். ஈரானின் நத்தான்ஸ் அணு நிலையத்தில் யுரேனியத்துக்கு நடைபெற்றதும் செறிவூட்டலே என்றாலும், அது இதற்கு நேர்மாறான காரியம்.

சுரங்கத்து யுரேனியத்தில், அணுப்பிளவுக்கு எளிதில் இசையும் 235 என்னும் ஐசோடோப்பு 0.7 சதவீதந்தான், எஞ்சியது ஏறக்குறைய முழுவதும் 238. இரசாயன குணத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாதலால் எந்த அமிலமும் அவற்றைப் பிரிக்க வல்லதன்று. எடையிலுள்ள அற்ப பேதமொன்றே பிடிமானம். ஆகவே யுரேனியத்தை ஃபுளோரினோடு கூட்டி, சுமார் 56 டிகிரியிலேயே ஆவியாகும் ஹெக்ஸாஃபுளோரைடாக்கி (ஃபுளோரினுக்கு இயற்கையில் ஒரே ஐசோடோப்பு என்பது விஞ்ஞானிகளின் பாக்கியம், இல்லாவிடில் எடைக் கணக்கே குழம்பியிருக்கும்), அதிவேகமாய்ச் சுழலும் உருளைக்குள் செலுத்தினால், கனத்த மூலக்கூறுகள் சுவரோரம் ஒதுங்க, இலேசானவை நடுவில் சற்றே மிகுகின்றன. ஓர் உருளையில் கிட்டும் லாபம் சொற்பமாகையால், ஒன்றன் விளைவை அடுத்ததற்கு ஊட்டி, ஆயிரக்கணக்கில் தொடுக்கிறார்கள்.

இதில் 235 ஓர் அணுவும் புதிதாய்ச் சேர்வதில்லை. ஆயிரம் அணுக்களில் ஏழு 235 என்று கொண்டால், 238-இல் 825 அணுக்களைக் கழித்த மாத்திரத்தில், மின்னுலைக்குப் போதுமான 4 சதவீதம் வந்துவிடுகிறது. அதற்குமேல் சுமார் 167 கழித்தால் ஆயுதத்துக்குரிய 90 சதவீதம். நாலுக்கும் தொண்ணூறுக்கும் வெகுதூரம் என்று எண்ணி ஆறுதலடைபவர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

உணவின் கதை வேறு. 1890-களில் பட்டேவியாவில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் தேறுவதையும் கண்டார். தவிட்டோடு போனது தயாமின் என்பது பின்னரே தெளிவாயிற்று. ஆலை கழித்ததை மருந்துச்சாலை திரும்பக் கூட்டுவதே 1940-களில் அமெரிக்க மாவுக்கு நேர்ந்த செறிவூட்டல். நெல்லை அவிக்கையில் தவிட்டின் சத்தில் ஒரு பகுதி மணிக்குள் இறங்கிவிடுவதால், நம் புழுங்கலரிசிக்கு அந்த உபகாரம் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

இந்தச் சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு வழக்கும் உண்டு. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1960-களில், விளையாட்டுப் பொருள்களும் தோழர்களும் நிறைந்த கூண்டில் வளர்ந்த எலிகளின் மூளைப் புறணி, தனிக்கூண்டு எலிகளுடையதைவிடக் கனத்திருக்கக் கண்டார்கள். விளையாட்டுப் பொருள்கள் நிறைந்த அக்கூண்டையும் செறிவூட்டிய சூழல் என்றே வழங்கினார்கள். ஆனால் சில எலிகளைத் திறந்தவெளியில், மண்ணைத் தோண்டி வளையமைத்து வாழ விட்டபோது, அவற்றின் மூளை அந்தச் சொகுசுக் கூண்டு எலிகளுடையதையும் விஞ்சி வளர்ந்திருந்தது.