பாட்டியின் அடுப்படியும் ஆஸ்பத்திரி மாத்திரையும்



"எங்க பாட்டி காலத்துல சுகர் ஏது, பிரஷர் ஏது? எல்லாம் ரசத்துலயும் மஞ்சள்லயும் போயிடும்" என்று லயத்து வாசலில் பேசிக்கொள்வதை நாம் எல்லோருமே கேட்டிருக்கிறோம். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கோ, பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக்கோ போனால் சீயக்காய், நல்லெண்ணெய், சூரணம், லேகியம் என்று பை நிறைய வாங்கி வருகிறோம். பாட்டி வைத்தியத்தில் எதைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும், எதில் உஷாராக இருக்க வேண்டும் என்பதை இம்மாதம் பார்ப்போம்.

புழுங்கல் அரிசி காப்பாற்றிய கதை

நம் சமையலுக்கு ஒரு பெருமை உண்டு. அது இந்த மண்ணிலேயே நிரூபிக்கப்பட்டது.

சுமார் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. கால் வீங்கும், மரத்துப் போகும், கடைசியில் இருதயம் தளர்ந்து உயிர் போகும். ஈய லம்பங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஏராளமாக மாண்டார்கள். ஆனால் தோட்டத்துத் தமிழர்களிடம் இந்நோய் மிக அரிதாகவே இருந்தது. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்டார்கள். தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி.

1905-ல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் இதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளில் ஒரு பாதிக்கு வெள்ளை அரிசி, மறு பாதிக்குப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசிக்காரர்களில் பலருக்குப் பெரிபெரி கண்டது. சிலர் இறந்தும் போனார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களில் புதிதாக யாருக்கும் வரவில்லை. பிறகு 1909 வாக்கில், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலானில் சாலை வேலை செய்த சுமார் 300 ஜாவா தொழிலாளர்களிடம் இதே உண்மையைக் கண்டார்கள்.

காரணம் இதுதான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு குத்தினாலும் சத்து முழுக்கப் போவதில்லை. அந்தச் சத்துக்கு வைட்டமின் பி1 என்று பிற்பாடு பெயர் வைத்தார்கள். பெயர் தெரியாமலே நம் பாட்டிமார் அதைப் பானையில் போட்டு வேகவைத்திருக்கிறார்கள்!

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. புழுங்கல் அரிசி பெரிபெரி வராமல் தடுத்தது. மலேரியாவைத் தடுக்கவில்லை, அதற்குக் கொய்னா தேவைப்பட்டது. அடுப்படிக்கு ஒரு வேலை, ஆஸ்பத்திரிக்கு ஒரு வேலை.

இன்றைய எதிரி

இன்றைக்கு நம்மை அரிப்பது பெரிபெரி அல்ல, இனிப்பு நீர். 2019-ல் சுகாதார அமைச்சு நாடு முழுதும் எடுத்த ஆய்வின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே இது நூற்றுக்கு 31.4. நம் பெரியவர்களில் பத்துப் பேரில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி வெயிலில் நாள் முழுக்க நடந்தார். கீரையும் கொள்ளும் சாப்பிட்டார். நாமோ டின்பால் ஊற்றிய தே தாரேக்கை நாளைக்கு மூன்று கிளாஸ் குடித்துவிட்டு, ராத்திரி ஒரு ஸ்பூன் வெந்தயம் விழுங்கினால் சரியாகிவிடும் என்கிறோம். சரியாகுமா?

பாட்டியின் சமையலைத் திரும்பக் கொண்டு வருவோம். லயத்துப் பக்கத்தில் முருங்கைக் கீரை காசில்லாமல் கிடைக்கிறது. கொள்ளு, பச்சைப்பயறு, பாகற்காய், வாழைப்பூ எல்லாம் நல்லவை. வெந்தயத்தின் நார்ச்சத்து, சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். உப்பு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் இருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

புழுங்கல் அரிசியானாலும் தட்டு நிறையப் போட்டால் சுகர் ஏறத்தான் செய்யும். சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செப்பாரோ" என்று சொல்லித் தருகிறது. இது நம் கசாயத்துச் சுக்கு அல்ல! மலாய் மொழியில் கால், கால், அரை என்று பொருள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும். அவ்வளவுதான் கணக்கு.

பெரியம்மாவின் கால்விரல்

என் பெரியம்மா பால்வெட்டிலேயே ஆயுளைக் கழித்தவர். சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு, யாரோ கொடுத்த பொடியைக் கலக்கிக் குடித்து வந்தார்.

"ஏன் பெரியம்மா மாத்திரைய விட்டீங்க?" என்று கேட்டேன்.

"அது கிட்னியக் கெடுக்கும்னு சொன்னாங்கப்பா. இது வேரு, இலைதானே, என்னா பண்ணப் போவுது?"

எட்டு மாதம் கழித்து, காலில் முள் குத்திய புண் ஆறாமல் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கிட்னியைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான். டாக்டர் கொடுக்கும் மாத்திரை அதைத் தடுக்கத்தான் இருக்கிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"வேர், இலைதானே" என்பதும் எப்போதும் உண்மையல்ல. பழைய முறையில் செய்யும் சில பஸ்பம், செந்தூரங்களில் பாதரசம், ஈயம் போன்றவற்றைச் சேர்ப்பதுண்டு. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14-ல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. ஆகவே மருந்து வாங்கினால் டப்பாவில் "எம்.ஏ.எல்." என்று தொடங்கி "டி" என்ற எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத பொடியும், வெறும் பிளாஸ்டிக் பையில் வரும் உருண்டையும் வேண்டாம்.

எண்ணெய்க் குளியல்

வாரம் ஒரு நாள் நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிப்பது நல்ல பழக்கம். தோல் வறண்டு போகாது, உடம்புக்கும் ஓய்வு. ஆனால் நான்கு விஷயம் கவனியுங்கள்.

குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கிக் கெடுதல் செய்யும்.

குழந்தையின் கண்ணுக்கு மை வேண்டாம். சில மைகளில் ஈயம் இருக்கிறது.

சுகர் உள்ளவர்களுக்குப் பாதம் மரத்திருக்கும், சூடு தெரியாது. சுடுதண்ணீரை வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும். பித்தவெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் தடவ வேண்டாம். தினமும் இரு பாதத்தையும் திருப்பிப் பாருங்கள்.

மருந்து அடிக்கும் தாய்மார்களே, எண்ணெயும் மஞ்சளும் பூசிக்கொண்டால் விஷம் ஏறாது என்பது தப்பு. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. மற்றவையும் விஷம்தான். கையுறை, பூட்ஸ், முகமூடி இல்லாமல் இறங்காதீர்கள். நிர்வாகம் கொடுக்காவிட்டால் தொழிற்சங்கத்திடம் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் குளித்து, அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது அரசாங்கக் கிளினிக்கில் சுகரும் பிரஷரும் பார்த்துவிடுங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். வீட்டில் குடிக்கும் கசாயம், பொடி எதுவானாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் திட்ட மாட்டார். பாட்டி கொடுத்த சமையலும் இருக்கட்டும், டாக்டர் கொடுத்த மாத்திரையும் இருக்கட்டும். உழைத்து வாழும் நமக்கு உடம்புதானே முதல்!