ரெண்டடித் தொட்டிக்கு எந்த மீன்?

"ரெண்டடித் தொட்டி வாங்கிட்டேன், என்ன மீன் விடலாம்?" இதுதான் இன்றைய கேள்வி.

முதல்ல என் தப்பைச் சொல்லிடுறேன். இரும்பையில என் வீட்டுத் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். விளிம்புவரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான். பாசியைத் தின்னும்னு சொன்னாங்க, விரல் நீளத்துல ஒரு சக்கர் மீன் வாங்கினேன். தென் அமெரிக்க மீன், ஒரு அடிக்கு மேல வளரும். வளர்ந்துச்சு, திரும்பக்கூட இடமில்லை. பேசாம இரும்பை ஏரியில விட்டுடலாமான்னு தோணிச்சு.

நல்லவேளை, விடலை. இந்த மீன் கரையில வளை தோண்டி முட்டையிட்டுப் பெருகும், நம்ம ஊர் மீன்களோட இரைக்கும் போட்டியா வரும். தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் ஏற்கெனவே பரவியிருக்கு. கடைசியில கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

அதனால கடையில தெரியற அளவைப் பார்க்காதீங்க, முழு வளர்ச்சியைக் கேளுங்க. கோல்டு ஃபிஷ்ஷே அரையடி தாண்டும், கழிவும் அதிகம். இந்தத் தொட்டிக்கு ஆண் கப்பி ஆறேழு போதும். பெண்ணையும் சேர்த்தா மாசாமாசம் குட்டிதான். ஃபைட்டர்னா ஒண்ணே ஒண்ணு, தனியா.

சென்னை கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போனா கண்ணு அலைபாயும். பேரை எழுதி எடுத்துட்டுப் போங்க. வளர்க்க முடியலையா? கடைக்கோ நண்பருக்கோ கொடுங்க. ஏரிக்கு மட்டும் வேண்டாம்.