தோட்டத்து மழைமானியும் சர்க்கார் மழைக் கணக்கும்

கம்பம் பள்ளத்தாக்கில் மண் நனைந்த ஆழத்தைக் கொண்டு “ஓர் உழவு மழை”, “இரண்டு உழவு மழை” என்று சொல்லும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஏர் பூட்டுவதற்கு அக்கணக்கு போதும். ஆனால் திராக்ஷைக் கொடிக்கு மருந்து தெளிப்பவருக்கும், வானிலையை ஆதாரமாகக் கொண்ட காப்பீட்டில் சேர்ந்தவருக்கும் மில்லிமீட்டர் கணக்கே வேண்டியிருக்கிறது. இதனை முன்னிட்டுக் காமயகவுண்டன்பட்டிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் சிறு வானிலைக் கருவி வாங்கி வீட்டு மாடியில் பொருத்துவாராயின், அவருக்கு முதலில் உண்டாகும் சந்தேகம் ஒன்றே: தம் கருவியின் அளவு சர்க்கார் அளவோடு ஏன் ஒத்துவரவில்லை? இரண்டில் ஒன்று பொய் என்று முடிவு கட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டிய விஷயங்கள் பல உள.

முதலாவது, தேதி. இதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். இந்திய வானிலைத் துறையின் முறைப்படி மழைமானி நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளக்கப்படுகிறது. அதற்கு முந்தின 24 மணி நேர மழை முழுவதும் அளந்த நாளின் தேதியில் பதிவாகும். வீட்டுக் கருவியோ நள்ளிரவு தொடங்கி மறு நள்ளிரவு வரை ஒரு நாளாகக் கொள்ளும். ஐப்பசி மாதத்தில் 10-ந் தேதி மாலை 40 மில்லிமீட்டர் பெய்தால் வீட்டுக் கருவி அதை 10-ந் தேதியிலும், சர்க்கார் பட்டியல் 11-ந் தேதியிலும் காட்டும். இவ்விரண்டையும் தேதிக்குத் தேதி ஒப்பிடுவோர், ஒரு நாள் மழையை ஒருவர் மறைத்ததாகவும் மறுநாள் இல்லாத மழையை எழுதியதாகவும் எண்ணுவர். வடகிழக்குப் பருவத்தில் இங்கு மழை மாலையிலும் இரவிலும் அடிக்கடி பெய்வதால் இக்குழப்பம் அதிகம். கருவியின் மணிவாரிக் கணக்கை எடுத்து 8.30 முதல் 8.30 வரை கூட்டினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

இரண்டாவது, இடம். தேனி ஜில்லாவின் அன்றாட மழைப் பட்டியலில் பெரியாறு அணை, தேக்கடி, கூடலூர், உத்தமபாளையம், சண்முகாநதி அணை முதலிய இடங்கள் வருகின்றன. தென்மேற்குப் பருவத்தில் மலைக்கு அப்புறம் தேக்கடியில் கனமழை கொட்டும்போது, மழை மறைவுப் பிரதேசமாகிய பள்ளத்தாக்கில் சாரல் மட்டும் விழும். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டு, நீர் சுரங்கவழியாக இப்பக்கம் திருப்பப்பட்டதற்குக் காரணமே இவ்வேற்றுமைதான். கோடை இடிமழையோ ஒரே ஊரில் ஒரு தோட்டத்தை நனைத்து அடுத்ததை விட்டுவிடும். இங்கு வித்தியாசம் கருவியுடையதன்று, மேகத்தினுடையது.

மூன்றாவது, கருவி வைக்கும் முறை. மாடியில் வைப்பது சௌகரியமே. ஆயினும் உயரம் ஏற ஏறக் காற்று பலப்பட்டு, துளிகளைக் கருவியின் வாய்க்கு மேலாகவே அடித்துச் சென்றுவிடும். வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கில வைத்தியர் 1769-ல் வெளியிட்ட கணக்கில், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் உச்சியில் வைத்த பாத்திரத்தில் சேர்ந்தது, தரையருகே வைத்ததில் பாதியைச் சற்றே தாண்டியது. இந்திய மழைமானியின் வாய் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதன் நோக்கம் இதுவே. தென்னைக்கும் சுவருக்கும் பக்கத்தில் வைத்தலும் ஆகாது; அவற்றின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரமாவது விலகியிருக்க வேண்டும். திராக்ஷைப் பந்தலுக்கு அடியில் வைத்து அளப்பது மழையை அன்று, இலையிலிருந்து சொட்டும் நீரை.

வீட்டுக் கருவிகளுக்குள் துலாக்கோல்போல் ஆடும் சிறு கிண்ணம் உண்டு. 0.2 மில்லிமீட்டர் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான மழை சேர்ந்தவுடன் அது கவிழ்ந்து ஓர் எண்ணைக் கூட்டும். பேய்மழையில் கவிழும் கணத்தில் விழும் நீர் கணக்கில் சேராது. ஆகையால் பெருமழையில் குறைவாகக் காட்டுவது இதன் இயல்பு. சோதிப்பதும் எளிது. வாயின் விட்டம் 16 சென்டிமீட்டராயின் பரப்பு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். அரை லிட்டர் நீரை ஊசித்துளையிட்ட பாத்திரத்தின் வழியே ஒரு மணி நேரம் மெல்லச் சொட்டவிட்டால் 25 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். 15 மட்டும் காட்டினால் பிழை வானத்தில் இல்லை.

இவ்வளவு சிரத்தை எதற்கு எனலாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராக்ஷை மழைக்கு மிகவும் அஞ்சும் பயிர். பழுக்கும் தருணத்தில் மழை பட்டால் பழம் வெடிக்கும். இலை ஈரம் காயாதிருந்தால் அடிச்சாம்பல் நோய் பரவும். தெளித்த மருந்து கழுவப்பட்டதா, மறுபடி தெளிக்க வேண்டுமா என்று தீர்மானிக்கக் கூடலூர் அளவு உதவாது. தோட்டத்து அளவே உதவும். பாசனத்திற்கும் அப்படியே: ஒரு ஏக்கரில் 10 மில்லிமீட்டர் மழை என்பது சுமார் 40,000 லிட்டர் நீர்.

காப்பீட்டு விஷயம் வேறு. 2016-ல் மறுசீரமைக்கப்பட்ட வானிலைக் காப்பீட்டில், குறிக்கப்பட்ட நிலையத்தின் அளவைக் கொண்டே இழப்பீடு கணக்கிடப்படும். தோட்டத்தில் வெள்ளம் நின்றும் நிலையத்தில் தூறல் பதிவானால் தொகை கிடைப்பது அரிது. தோட்டத்து ஏடு இதற்குச் சட்டச் சான்றாகாது. ஆனாலும் நிலையத்துக்கும் ஊருக்கும் ஆண்டுதோறும் தொடரும் வித்தியாசத்தை எடுத்துக்காட்டி, ஊரிலேயே மழைமானி வேண்டுமென விண்ணப்பிக்க அதைவிடச் சிறந்த ஆதாரம் இல்லை. பஞ்சாயத்துதோறும் தானியங்கி மழைமானி என்பதை நோக்கமாகக் கொண்டு மத்திய சர்க்கார் 2023-ல் திட்டம் தொடங்கியிருப்பதால், கிராம அதிகாரிகள் இவ்வேடுகளை அலட்சியம் செய்தல் தகாது.

ஏட்டில் தேதி, காலை 8.30 அளவு, மழை தொடங்கி நின்ற நேரம், காற்றின் பலம் இவை போதும். மழையில்லாத நாளிலும் சுழியம் எழுத வேண்டும். வெற்றிடம் விட்டால் அன்று மழையில்லையா, அளக்கவில்லையா என்று பின்னால் விளங்காது. வாரம் ஒருமுறை புனலைக் கழுவுக. எறும்பும் சிலந்தியும் அதற்குள் குடியேறுவதில் மிகுந்த பிரியமுடையவை.